மல்லர் உணவும் மலைக்கனியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையை நோக்கிச் செல்லும் சாலை, போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தில் முடிவடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அமைத்த தோட்டம் அது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளி வாழ்ந்திருக்கின்றன. இன்று தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து சிதைந்து கிடக்கிறது. ஆயினும், 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் மீது ஏறுவோர் இன்றும் போனக்காட்டிலிருந்தே புறப்படுகின்றனர். அந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவில் கரமனையாறு பிறக்கிறது; கிழக்குச் சரிவில் தாமிரவருணி பிறக்கிறது.

இம்மலையின் இருபுறத்தும் வாழும் மக்கள் சித்த மருத்துவத்தை அகத்தியரோடு சேர்த்துப் பேசுவது நேயர்கள் அறிந்ததே. அடிமுறை, வர்மம் ஆகிய போர்க்கலைகளையும் அவர்கள் அவர் பெயராலேயே வழங்கி வருகின்றனர். தென்திருவிதாங்கூரில் இவ்விரு கலைகளும் பெரும்பாலும் ஒரே ஆசானிடம் இருந்தன. அடிக்கவும் தடுக்கவும் கற்பித்தவர் அவரே; அடிபட்டவனுக்கு எண்ணெய் இட்டுத் தடவியவரும் அவரே; இன்னது உண், இன்னது விலக்கு என்று சொன்னவரும் அவரே. உண்பவனுக்கும் உணவின் இயல்பை அறிந்தவனுக்கும் இடையே அன்று ஒரு முழ இடைவெளிதான் இருந்தது. இன்று மல்லனாகவோ குத்துச்சண்டை வீரனாகவோ விரும்பும் இளைஞன், எங்கோ ஒரு நாட்டில் எவரோ அடைத்த டப்பாவைத் திறந்து, அதிலுள்ள பொடியைப் பாலில் கரைத்துக் குடிக்கிறான். இந்த இடைவெளி எவ்வாறு விரிந்தது, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதே இங்கு நாம் காணவிருக்கும் வரலாறு.

மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற செய்தியைப் புறநானூறு சொல்கிறது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் தனக்குச் சூட்டிக்கொண்ட மாமல்லன் என்னும் பட்டத்தின் பொருளே பெரிய மல்லன் என்பதுதான். அப்பட்டத்தாலேயே மாமல்லபுரம் பெயர் பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் மல்லர்க்கெனத் தனிப் பகுதி உண்டு. அரசன் தன் மல்லர்களைப் பருப்பு, தயிர், நெய், இனிப்பு, இறைச்சி ஆகியவற்றால் ஊட்டி வளர்க்க வேண்டுமென்று அது விதிக்கிறது. மல்லனின் உணவு அன்று அரசாங்கத்தின் பொறுப்பாக இருந்தது என்பது கருதத்தக்கது.

வடநாட்டு அக்காடாக்களில் பால், நெய், வாதுமை மூன்றும் பயில்வானின் உணவாயின. அவ்வழியில் வளர்ந்த காமா பயில்வான், 1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இலண்டனில் போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவோடு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பொருதார். முடிவு காணாமலே அன்றைய போர் நின்றது. மறு நாள் குறித்தபோது எதிரி வரவில்லை. பட்டம் காமாவுக்குக் கிடைத்தது. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றார். அவர் அருந்திய பாலின் அளவைப் பற்றிப் பலர் பலவாறு சொல்வர். ஆனால் நாள்தோறும் அவர் செய்த தண்டால், பைட்டக்குகளின் எண்ணிக்கையையும் அதே வாயால்தான் சொல்கின்றனர். பாலை மட்டும் பிரித்தெடுத்துப் புகழ்வது பின்னாளில் வந்த வழக்கம்.

தென்னாட்டு எளியோர்க்கு வாதுமை எங்கே கிடைக்கும்? உளுந்தும் அரிசியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய உளுந்தங்களியே நம் வீடுகளில் எலும்புக்கும் இடுப்புக்கும் வலுவெனப் போற்றப்பட்டது. களரிப் பயிற்சியை ஒட்டி மழைக்காலத்தில் எண்ணெய் உழிச்சிலும், கர்க்கடக மாதத்தில் மருந்துக்கஞ்சியும் மலையாள நாட்டில் வழங்கின. பருப்பும் அரிசியும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பி நல்ல புரதமாகின்றன என்று இன்றைய ஊட்டச்சத்து நூல் கூறுகிறது. களி கிண்டிய பாட்டிமார் அந்நூலைப் படித்ததில்லை. ஆயினும் அக்களியை யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுப்பதென்று அறிந்திருந்தனர்.

மேல்நாட்டிலும் இக்கேள்வி பழையதே. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஒலிம்பிய மற்போரில் ஆறு முறை வென்ற கிரேக்க மல்லன் மிலோ, நாளொன்றுக்கு எட்டு கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சியை உண்டான் என்று கிரேக்கர் கதை கட்டினர். தசையை உண்டால் தசை வளரும் என்னும் எண்ணம் அக்கதைக்குள் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக், அவ்வெண்ணத்துக்கு அறிவியல் உருவம் கொடுத்தார். தசை இயங்கும்போது எரிவது புரதமே என்றும், உழைப்பவனுக்கு முதன்மையான உணவு புரதமே என்றும் அவர் கருதினார்.

இக்கருத்தைச் சோதிக்க இரண்டு அறிஞர்கள் ஒரு மலையைத் தேர்ந்தெடுத்தனர். 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் பிக், விஸ்லிசேனுஸ் என்னும் அவ்விருவரும் சுவிட்சர்லாந்தில் பவுல்ஹார்ன் மலைமீது ஏறக்குறைய 1956 மீட்டர் உயரம் ஏறினர். முந்திய நாளிலிருந்தே புரதமுள்ள எதையும் அவர்கள் உண்ணவில்லை. மாவும் கொழுப்பும் சர்க்கரையும் மட்டுமே அவர்தம் உணவு. ஏறும்போதும் ஏறிய பின்னும் கழித்த சிறுநீரைச் சேர்த்து வைத்து, அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு உடலில் எவ்வளவு புரதம் சிதைந்தது எனக் கணக்கிட்டனர். அவ்வளவு புரதம் அத்தனை உயரம் உடலைத் தூக்கிச் செல்லப் போதவே போதாது என்று தெரிந்தது. தசையின் உழைப்புக்கு எரிபொருளாவது பெரும்பாலும் மாவும் கொழுப்புமே; புரதம் தசையைக் கட்டவும் பழுது பார்க்கவுமே முதன்மையாகப் பயன்படுகிறது. மல்லன் இறைச்சியால் மட்டும் வாழ்வதில்லை என்பதை இரண்டு அறிஞரின் கால்கள் மெய்ப்பித்தன.

அதற்கு நூற்றிருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், நம் அகத்திய மலையில் மற்றொரு மலையேற்றம் நிகழ்ந்தது. 1987 டிசம்பரில் தாவரவியல் அறிஞர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு அக்காட்டுக்குள் சென்றது. அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் அம்மலையின் பழங்குடியினரான காணிக்காரர்கள். அறிஞர்கள் களைத்து உட்கார்ந்தபோதும் காணிகள் தளராமல் நடந்தனர். நடக்கும்போதே ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டிருந்தனர். குழுவினரும் அதை வாங்கி உண்டு களைப்பு நீங்கியதாக உணர்ந்தனர். அது என்ன செடி என்று கேட்டபோது காணிகள் உடனே சொல்லவில்லை. தம் குலத்தார்க்கே உரிய அறிவு என அவர்கள் அதைக் காத்து வந்தனர். பலமுறை வேண்டிய பின்னரே செடியைக் காட்டினர். ஈர நிழலில் தரையோடு வளரும் அச்சிறு செடிதான் இன்று ஆரோக்கியப்பச்சை என வழங்குகிறது. காணிகளின் ஜின்செங் இதுதானோ என்று அறிஞர்கள் 1988-ஆம் ஆண்டிலேயே எழுதினர்.

பிறகு ஜம்முவிலுள்ள ஆய்வுக்கூடத்திலும், அகத்திய மலையை அடுத்துப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்திலும் சோதனைகள் நடந்தன. ஆரோக்கியப்பச்சையின் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ஜீவனி என்னும் மருந்தைப் பாலோடு நிலையத்தார் ஆக்கினர். 1995-ஆம் ஆண்டு, கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதனைச் செய்து விற்கும் உரிமை ஏழாண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. உரிமைக் கட்டணம் பத்து லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உரிமைப்பேறு. இவ்வருவாயில் சரிபாதி காணி மக்களுக்கே சேர வேண்டும் என்று நிலையம் முடிவு செய்தது. 1997 நவம்பரில் காணிகளுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999-இல் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது.

பழங்குடியினரின் அறிவுக்கு ஈடு செய்ய வேண்டுமெனப் பல்லுயிர்ப் பெருக்கம் பற்றிய உலக உடன்படிக்கை 1992-இல்தான் எழுதப்பட்டது. இந்திய நாட்டுச் சட்டமோ 2002-இல்தான் பிறந்தது. எனவே, சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு முன்பே செய்த நற்செயல் என்று உலகம் இதனைப் பாராட்டியதில் வியப்பில்லை. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பழம்பெரும் அறிவைக் காக்கும் மூத்த காணி மருத்துவர் சிலர், தம்மைக் கேளாமல் குலத்தின் மறைபொருள் விற்கப்பட்டதாக 1995-லேயே எதிர்ப்புத் தெரிவித்தனர். வழிகாட்டிகளாக வந்த இரண்டொருவர் சொன்னதை முழுக் குலமும் இசைந்ததாகக் கொள்ளலாமா என்னும் அவர்கள் கேள்விக்கு இன்றும் எளிய விடை இல்லை. செடிக்கு விலை வந்தவுடன் காட்டில் வேரோடு பிடுங்குவோரும் தோன்றினர். வனத்துறை அதனைத் தடுக்க முற்பட்டது. அதனால் இலை பயிரிட்ட காணிக் குடும்பங்களின் வருவாயும் தடைப்பட்டது. கடல் கடந்து ஜீவனியின் பெயரை அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது. மலையில் ஒரு வாய் காயாக இருந்தது, அங்கே உடல்வலிமை நாடுவோர்க்கான சரக்காக மாறியது.

ஜீவனி உண்மையில் வலிமை தருமா? சுண்டெலிகளை நீரில் நீந்தவிட்டுப் பார்த்தபோது, ஆரோக்கியப்பச்சை கொடுத்தவை நெடுநேரம் தாங்கின. இது மதிக்கத்தக்க செய்தியே. ஆனால் எலியின் நீச்சலுக்கும் மனிதனின் மற்போருக்கும் நடுவே நெடுந்தொலைவு உண்டு. மருந்தை ஒரு சாராருக்கும், அதுபோன்ற வெறும் உருண்டையை மற்றொரு சாராருக்கும், எது எதுவென்று இருவருமே அறியாதவாறு கொடுத்து அளந்து பார்த்த பின்னரே மனிதரிடத்தில் பயன் உண்டெனச் சொல்லலாம். மேலும், காணிகள் அக்காயை உண்டது நெடுந்தூரம் நடக்கையில். சிறு வயது முதல் மலையேறிப் பழகிய கால்களோடு. அக்கால்களை எந்தக் குப்பியிலும் அடைக்க இயலாது.

அவ்வாறு அளந்து பார்த்துப் பயன் உண்டெனத் தேறிய பொருள்கள் சிலவே. உலக ஒலிம்பிக் சங்கத்தின் அறிஞர் குழு 2018-இல் ஆராய்ந்து, விளையாட்டுத் திறனை நேராக உயர்த்த நல்ல சான்றுள்ளவை காபியின் சத்தாகிய காபீன், கிரியேட்டின் முதலிய ஒரு சிலவே என்று கூறியது. கிரியேட்டின் இறைச்சியில் இயல்பாக உள்ள பொருள். 1832-இல் பிரெஞ்சு அறிஞர் செவ்ரல் அதனைப் பிரித்தெடுத்தார். அதை உண்பதால் தசையில் அதன் இருப்பு உயர்கிறது என்று 1992-இல் காட்டப்பட்டது. சில விநாடி முழு வலிமையோடு தூக்கி எறிய வேண்டிய மல்லனுக்கு அது ஓரளவு துணை செய்யும். அதே சமயம் உடலில் நீரைத் தேக்கி எடையை ஒன்றிரண்டு கிலோ ஏற்றவும் கூடும். எடைப்பிரிவு பார்த்துப் பொருதும் வீரனுக்கு இது சிறு செய்தியன்று.

புரதத்தின் கணக்கோ எளிது. கடும் பயிற்சி செய்வோர்க்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் போதும் என்பது இன்றைய கணிப்பு. 65 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு 91 முதல் 130 கிராம் வேண்டும். ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 33 கிராம், ஆறு முட்டையில் 36 கிராம், நூறு கிராம் பருப்பில் 24 கிராம். மூன்றும் சேர்ந்தாலே 93 ஆகிவிட்டது. சோறும் மீனும் கடலையும் மிச்சத்தை நிரப்பும். புரதப் பொடி நஞ்சன்று. பாலிலிருந்து எடுத்த உணவே. பால் கிடைக்காதவனுக்கும் நேரமில்லாதவனுக்கும் அது வசதியாக இருக்கலாம். ஆனால் உணவில் இல்லாத மாயம் எதுவும் அதில் இல்லை.

ஆபத்து டப்பாவின் மேலே எழுதியதில் இல்லை. எழுதாமல் உள்ளே இருப்பதில்தான் இருக்கிறது. 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஆய்வுக்கூடம் பதின்மூன்று நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுகளைச் சோதித்தது. அவற்றுள் 94 பொருள்களில், மேலுறையில் குறிப்பிடாத இயக்குநீர்ச் சரக்குகள் கலந்திருந்தன. அஃதாவது ஏறக்குறைய ஏழில் ஒன்று. ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளோ, வீரனின் உடலில் காணப்பட்டதற்கு வீரனே பொறுப்பு என்கின்றன. அறியாமல் உண்டேன் என்பது முழு விடையாகாது.

2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டிக்குத் தேர்வு பெற்றிருந்த இந்திய மல்லர் நர்சிங் யாதவின் சோதனையில் மெத்தாண்டியனோன் என்னும் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டது. தம் உணவில் வேண்டுமென்றே எவரோ கலந்துவிட்டனர் என்று அவர் முறையிட்டார். இந்திய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விசாரணைக் குழு அதனை ஏற்று அவரை விடுவித்தது. ஆனால் ஆகஸ்டு 18-ஆம் நாள், அவர் களமிறங்கும் தறுவாயில், உலக விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விளக்கத்தை ஏற்க மறுத்து நான்காண்டுத் தடை விதித்தது. மன்றங்களின் தீர்ப்பு இருவேறாக இருப்பினும், ஒன்று தெளிவாகிறது. தன் கலத்தில் விழுவது யாதென நிறுவ முடியாத வீரனுக்கு அவன் பல்லாண்டுப் பயிற்சியும் துணை நிற்பதில்லை.

எடைப்பிரிவு மற்போரில் இதற்கு நேர்மாறான மற்றொரு தீங்கும் உண்டு. அஃது உண்பதால் அன்று, உண்ணாமையால் வருவது. 1997-ஆம் ஆண்டின் இறுதியில், ஐந்தாறு வாரத்துக்குள் அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர் இறந்தனர். கிரியேட்டின்தான் கொன்றதோ என முதலில் ஐயம் எழுந்தது. ஆராய்ந்தபோது, எடையைக் குறைக்க வேண்டி ரப்பர் உடை அணிந்து வெப்ப அறையில் பயிற்சி செய்து, நீரும் பருகாமல் உடலை வற்றச் செய்ததே காரணம் எனத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அம்முறைகள் அங்கே தடுக்கப்பட்டன. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்டு 7-ஆம் நாள், இறுதிப் போட்டிக்கு வந்துவிட்ட வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் நூறு கிராம் மிகுந்ததால் விலக்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூறு கிராமுக்கு அத்தனை விலை இருக்கும் களத்தில், நீரை இழப்பதும் பொடியை நாடுவதும் இளம் உள்ளங்களுக்கு எளிதில் நேர்வழியாகத் தோன்றிவிடும்.

ஆகவே பழைய ஆசானின் இடத்தில் இன்று யாரேனும் ஒருவர் இருந்தாக வேண்டும். பயிற்சியாளரோ, மருத்துவரோ, உணவியல் கற்றவரோ, வீட்டிலுள்ள பெரியவரோ ஆகலாம். ஆனால் இளைஞன் உண்பதை அறிந்தவராக இருத்தல் வேண்டும். புதிய பொருள் ஒன்றை வாங்குமுன், இது மனிதரிடத்தில் அளந்து பார்க்கப்பட்டதா, உள்ளிருப்பதைச் சோதித்துச் சான்று தந்தவர் யார், எனக்கு இது தேவையா என்று கேட்கும் வழக்கம் வர வேண்டும். விளம்பரம் இக்கேள்விகளைக் கேட்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இவற்றைக் கேட்டுச் சொல்வது பெற்றோரின் கடமை.

கேட்க வேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. ஒரு மூலிகையின் பெயரால் வலிமை விற்கப்படுமானால், அதை முதலில் அறிந்தவர் யார், அவர்க்குச் சேர வேண்டியது சேர்ந்ததா? தளராமல் நடந்த காணிகள் தம் மடியிலிருந்த காயைத் தளர்ந்தவர்க்குப் பகிர்ந்தளித்தனர். அப்போது அவர்கள் விலை பேசவில்லை. விலை பேசும் நாள் வந்தபோது அவர்களை முதலில் கேட்டிருக்க வேண்டும். களத்தில் நிற்கும் வீரனுக்கு நேர்மை எவ்வளவு இன்றியமையாததோ, அவனுக்கு உணவும் மருந்தும் விற்பவர்க்கும் அவ்வளவே இன்றியமையாதது. போனக்காட்டுக்கு மேலே அகத்திய மலையின் நிழலில் இன்றும் அச்செடி வளர்கிறது. அதனைக் காத்து வந்தவர்களும் அங்கேதான் வாழ்கின்றனர்.